ஆங்கில சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஜப்பானிய டிவி பாருங்கள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து இந்த ஏப்ரலில் ஜப்பான் போய்ச் சேர்ந்த தம்பி தங்கைகள் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "அக்கா, என்4 தேர்வு பாஸ் பண்ணிட்டுதான் வந்தோம். வேலை இடத்துல பேசுறது ஒண்ணுமே புரியலை. டிவி பார்த்தா மொழி வருமா?"

வரும். நீகாதாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். என் காது திறந்தது டிவியால்தான். என்4 வருகிற ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. கேட்கும் பகுதியில் வருவதும் நிறுத்தி நிதானமாகப் பேசும் குரல். வேலை இடத்தில் யார் அப்படிப் பேசுவார்கள்? சாப்பிடுகிறேன் என்பதற்கு வகுப்பில் 'தபெமாஸு' என்று படித்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவர் 'தபெரு' என்பார், அதிலும் பாதியை முழுங்கிவிடுவார். அந்தப் பேச்சு டிவியில்தான் கிடைக்கும்.

இப்போது விடுப்பில் திருவாரூர் பக்கம் ஊருக்கு வந்திருக்கிறேன். சித்தி மகள் அடுத்த மாதம் கிளம்புகிறாள். தினமும் மதியம் திண்ணையில் உட்கார்ந்து அவளோடு செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆங்கில சப்டைட்டிலை அணைப்பது. இதில் நான் ரொம்பப் பிடிவாதம். ஆங்கில வாக்கியம் வேறு வரிசையில் ஓடும். ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், நம்மைப் போலவே. 'வதாஷி மோ' என்றால் நானும். அந்த 'மோ' நம்முடைய 'உம்'. கேள்விக்கு நாம் கடைசியில் 'ஆ' போடுவதுபோல் அவர்கள் 'க' போடுவார்கள். 'தபெதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. 'மிரு' கண்ணால் பார்ப்பதுதான், அதையே முயன்று பார்ப்பதற்கும் வைத்திருக்கிறார்கள். 'தபெதே ஷிமத்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன். இதை ஆங்கிலம் வழியாகப் போய்ப் புரிந்துகொள்வது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

நேற்று அவள் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "போய்ட்டு வரேன்" என்றாள். அப்படியே நில் என்றேன். இதைத்தான் அங்கே 'இத்தே கிமாஸு' என்கிறார்கள். 'இத்தே' போய், 'கிமாஸு' வருகிறேன். வீட்டில் இருப்பவர் 'இத்தேராஷ்ஷாய்' என்று அனுப்புவார், போய்ட்டு வா என்று. "போறேன்னு சொல்லாதே, போய்ட்டு வரேன்னு சொல்லு" என்று நம் ஆத்தாக்கள் திருத்துவார்களே, அந்த 'வரேன்' அங்கேயும் இருக்கிறது. ஆங்கில வரியில் 'கிளம்புகிறேன்' என்ற அளவில் நின்றுபோகும். தமிழும் ஜப்பானியமும் உறவு என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அது அவர்கள் பாடு. உங்களுக்கு வாக்கியம் ஏற்கெனவே வாயில் இருக்கிறது, அதுதான் முக்கியம்.

சரி, காதுக்கு வருவோம். குறில் நெடில் நமக்குத் தொல்லை இல்லை. 'ஒபசன்' என்றால் அத்தை, சித்தி. 'ஒபாசன்' என்றால் பாட்டி. 'கிதே' என்றால் வா, 'கித்தே' என்றால் தபால்தலை. படுவையும் பட்டுவையும் பிரித்துச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சிக்கல் வேறு இடத்தில். கப்பலில் வரும் 'க' போட்டு 'கின்' என்றால் தங்கம். சங்கில் வரும் 'கு' இருக்கிறதே, அந்த ஒலியில் தொடங்கினால் வெள்ளி. தமிழில் எழுதி வைத்தால் இரண்டும் ஒன்றுதான். பல்கலைக்கழகத்துக்கும் படிப்பைப் பாதியில் விடுவதற்கும் நம் எழுத்தில் ஒரே 'தைகக்கு'. அதனால் டிவி பார்த்துக் குறிப்பெடுப்பதைத் தமிழில் எழுதாதீர்கள். ஹிராகனா என்ற அடிப்படை ஜப்பானிய எழுத்து 46-தான், புதிதாகத் தொடங்குபவருக்கும் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதிலேயே எழுதுங்கள்.

எதைப் பார்ப்பது? நான் முதலில் சொல்வது 'சசாயே சன்'. 1969-இலிருந்து ஓடுகிற கார்ட்டூன், ஞாயிறு மாலை 6.30-க்கு. தாத்தா பாட்டி, மகள், வீட்டோடு மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். மாப்பிள்ளை மாமனாரிடம் பேசும்போது வரும் மரியாதை, தம்பியை அக்கா அதட்டும்போது காணாமல் போகும். யாரிடம் எந்தப் பேச்சு என்பது இப்படிப் பார்த்தால்தான் பிடிபடும். அப்புறம் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே-யில் காலை 8 மணித் தொடர், 15 நிமிடம்தான். ரிமோட்டில் 'ஜிமாக்கு' பொத்தானை அழுத்தினால் ஜப்பானிய எழுத்திலேயே வசனம் ஓடும். பதிவு செய்துவைத்து ஒரே பகுதியை மூன்று தடவை பாருங்கள்: முதலில் வெறும் காது, அடுத்து எழுத்தோடு, கடைசியில் நடிகர் கூடவே வாய்விட்டு. ஒரு நாளைக்கு ஐந்து வரி நோட்டில் ஏறினால் போதும்.

இந்தக் காலைத் தொடர்களில் 1983-84-இல் வந்த 'ஓஷின்' 297 பகுதி. குத்தகை விவசாயி மகளை ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பும் கதை. டெல்டாவில் பிறந்தவர்களை உலுக்கிவிடும். கதைக்காகக் கட்டாயம் பாருங்கள். பேச்சைப் பிடிக்க வேண்டாம், சிறு வயதுப் பகுதி முழுக்க யாமகாதா வட்டார வழக்கு.

சண்டைப் படம், சாமுராய் தொடர் பார்த்து வருகிற சொல்லை வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இது நான் பட்டது. சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம் 'நீ' என்பதற்கு 'ஒமாயே' என்றேன். கார்ட்டூனில் நண்பர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நம் ஊரில் எண்பது வயதுக்காரரை 'டேய்' என்பதற்குச் சமம் அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. 'நீ', 'நீங்கள்' எதுவும் வேண்டாம். குடும்பப் பெயரோடு 'சன்' சேர்த்துக் கூப்பிடுங்கள், பெரியப்பா என்று முறை வைத்துக் கூப்பிடுவதுபோல.

டிவி வாங்கினால் என்எச்கே-க்கு ஒப்பந்தம் போட்டுக் கட்டணம் கட்டுவது சட்டம். தரைவழிக்கு மாதம் 1,100 யென். கட்டிவிடுங்கள்.

அந்தப் பணத்தின் அருமையை நான் 2024 ஜனவரி 1 மாலை 4.10-க்குப் பார்த்தேன். நோத்தோ தீபகற்பத்தில் நிலநடுக்கம், அளவு 7.6. நீகாதாவிலும் தரை ஆடியது. கடற்கரைக்கு சுனாமி எச்சரிக்கை. டிவியில் எப்போதும் அமைதியாகப் பேசும் அறிவிப்பாளர்கள் குரல் உயர்த்தி, இப்போதே ஓடுங்கள் என்று விடாமல் சொன்னார்கள். திரையில் பெரிய எழுத்தில் 'நிகேதே'. குழந்தைகளும் நம்மைப் போன்றவர்களும் படிக்கட்டும் என்று ஹிராகனாவில் போட்டிருந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினத்தில் ஓடச் சொல்ல இப்படி ஒரு குரல் இல்லை. என் பெரியம்மா வீடு அந்தப் பக்கம்தான்.

தங்கை நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு சொல் எழுத வைத்திருக்கிறேன்: ஜிஷின், நிலநடுக்கம். சுனாமி. தகதாய், மேட்டு நிலம். நிகேதே, ஓடு. 'தகதாய்' எழுதும்போது, "நம்ம ஊர்ல அப்படி ஒரு இடமே இல்லையேக்கா" என்றாள். நீங்கள் தங்கியிருக்கும் ஊரில் அது எங்கே என்று இந்த வாரமே கேட்டு வையுங்கள்.