ஒருநாள் அறிவியல் விழாவுக்குப் பிறகு என்ன செய்வது? கிராமப் பள்ளியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: சாத்தூர்ப் பக்கத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில், பத்தாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். சென்ற ஆண்டு ஒரு தனியார் பொறியியல் கல்லூரியும் ஒரு தொழிற்சாலையும் சேர்ந்து எங்கள் பள்ளியில் அறிவியல் விழா நடத்தின. பேனர், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை, தானாக நகரும் ஒரு சிறிய ரோபோ என்று எல்லாம் சிறப்பாகவே நடந்தன. ரோபோ தடையைக் கண்டு திரும்பியபோது பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரம் தெருக்கோடி வரை கேட்டது.

ஜூன் மாதம் மேல்நிலை முதலாமாண்டுச் சேர்க்கை முடிந்ததும் கணக்கெடுத்துப் பார்த்தேன். எங்களிடம் பத்தாம் வகுப்பு தேறிய 46 பேரில் கணிதப் பிரிவில் சேர்ந்தவர்கள் 5 பேர், அதில் பெண் ஒருத்தி மட்டும். காரணம் கேட்டால், அந்தப் பிரிவு உள்ள பள்ளி 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மாலைப் பேருந்தில் வந்தால் வீடு சேர இருட்டிவிடுகிறது, கணக்கில் தோற்றால் இரண்டு ஆண்டும் வீணாகிவிடும் என்று சொல்கிறார்கள். ரோபோவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இந்த ஆண்டும் கல்லூரியிலிருந்து தேதி கேட்கிறார்கள், தொழிற்சாலையில் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதி இருக்கிறதாம். மறுக்க மனமில்லை, ஆனால் அதே விழாவை மறுபடியும் நடத்தவும் மனமில்லை. இவர்களிடம் நான் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தேனி

அம்மா, உங்கள் கேள்வி சரியான இடத்தில் தொடங்குகிறது. நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு நிறுவனம் எங்கள் பள்ளிக்கு நல்ல விலையுள்ள அறிவியல் கருவிப் பெட்டிகளைக் கொடுத்தது. வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினோம். தணிக்கையின்போது ஒரு பொருள் குறைந்தாலும் கையெழுத்துப் போட்ட ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், யாரும் அதைத் திறக்கத் துணியவில்லை. நான் ஓய்வு பெறும்போது பொறுப்பு ஒப்படைத்த பட்டியலில் அந்தப் பெட்டிகள் பிரிக்கப்படாமலே இருந்தன. ஆகவே பொருள் வாங்குவதாக இருந்தால், உடைந்து தீரக்கூடிய நுகர்பொருள் என்றே எழுதி வாங்குங்கள். பல்பு, கம்பி, காந்தம், வில்லை, மின்கலம் ஆகியவை உடையட்டும், தீரட்டும். மறுபடியும் வாங்கித் தர அவர்களிடம் நிதி இருக்கிறது.

அதைவிட முக்கியமாக, ஆளைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வருவதைக் காட்டிலும், அதே ஐந்து கல்லூரி மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வீதம் ஓராண்டு வருவது பெரிது. மூன்றாம் முறை வரும்போது பிள்ளைகள் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அதன்பிறகுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். அந்த ஐந்து பேரும் உங்கள் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் படித்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் இருப்பதால், அப்படிப்பட்ட மாணவர்கள் இன்று பல கல்லூரிகளிலும் இருக்கிறார்கள்.

எந்த வகுப்பில் தொடங்குவது என்பதையும் யோசியுங்கள். 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு, 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து சோதனைகள் செய்து காட்டுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அந்தக் கை விட்டுப்போகிறது. பத்தாம் வகுப்பில் தேர்வு வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பாகவே பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுகிறோம் என்பது என் கருத்து. கல்லூரியினரை ஒன்பதாம் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள்.

பதில் 2: பம்பு நிறுவனப் பொறியாளர், கோவை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நானும் உங்கள் மாவட்டத்துப் பெண்தான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பு முடித்தபோது மேல்நிலைக் கணிதத்தைக் கண்டு எனக்கும் பயம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் என் அம்மாவுக்கு, விடுதியைப் பற்றி. எங்கள் தெருவில் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கையோடு கூட்டிப்போய் விடுதியின் சமையலறை, குளியலறை, வார்டனின் அறை வரை காட்டிவிட்டு வந்தார். அன்று இரவே என் விண்ணப்பத்தில் கையெழுத்துக் கிடைத்தது. என் வாழ்க்கையைத் திருப்பிய அறிவியல் பரப்புரை அந்தப் பேருந்துப் பயணம்தான். எனவே தொழிற்சாலையின் நிதியில் ஒரு பேருந்தை அமர்த்தி, பிள்ளைகளோடு அம்மாக்களையும் அந்தக் கல்லூரிக்கும் அருகிலுள்ள பாலிடெக்னிக்குக்கும் அழைத்துச் செல்லுங்கள். அன்று கூலி போகும் என்பதால், வேலை இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள்.

அறிவியல் துறை என்றாலே மேல்நிலைக் கணிதப் பிரிவு, பிறகு பி.இ. என்ற ஒரே பாதையைத்தான் ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, நேரடியாகப் பொறியியல் இரண்டாமாண்டில் சேரலாம். நான் வந்த வழி அதுதான். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோ படித்தவர் என்று சொன்னால் பெற்றோர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், அது டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு என்பதையும், 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதையும் மேடையில் சொல்லாமல், ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுங்கள்.

தொழிற்சாலையிலிருந்து மேலாளர் வேண்டாம் (அவர் தம் வெற்றிக் கதையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்). தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அளவெடுக்கிற ஒரு பெண்ணை அனுப்பச் சொல்லுங்கள். நான் பள்ளிகளுக்குப் போகும்போது திருகு அளவி ஒன்றைத்தான் கொண்டுபோவேன். ஒவ்வொருவரும் தங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனை அளக்க வேண்டும். ஒருத்திக்கு 0.06 மில்லிமீட்டர் வரும், இன்னொருத்திக்கு 0.09 வரும், உடனே யார் முடி தடித்தது என்று சண்டை தொடங்கும். மறுபடி அளந்தால் எண் மாறும். திருகை எவ்வளவு இறுக்குவது, சுழிப் பிழையை (எதையும் வைக்காதபோதே அளவி காட்டும் பிழையை) பார்த்தாயா என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. பிறகு எங்கள் பம்பின் தண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் உன் முடி அளவு பிழை இருந்தால் இதை நாங்கள் கழித்துவிடுவோம் என்பேன். அந்த நொடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பதில் 3: அறிவியல் இயக்கத் தன்னார்வலர், ஈரோடு

கல்லூரி, தொழிற்சாலை இரண்டோடும் கூட்டு வைப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். இன்னொரு பள்ளியோடு கூட்டு வையுங்கள் என்று சொல்ல வருகிறேன். எங்கள் ஈரோடும் உங்கள் பக்கத்துச் சிவகாசியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் ஊரில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட கம்பிக்கு நிழலே இருக்காது. முதல் நிழலில்லா நாள் ஏப்ரல் நடுவில், சித்திரைப் பிறப்பை ஒட்டி வருவதால் பள்ளி இருக்காது. ஆகஸ்டு கடைசி வாரத்தில் வருவதைப் பயன்படுத்துவோம். அன்று பகல் 12.20 மணியை ஒட்டி உங்கள் பிள்ளைகள் ஒரு மீட்டர் கம்பியின் நிழல் மறைவதைக் கண்டு தொலைபேசியில் கூவ வேண்டும். அதே நேரத்தில் எங்கள் கம்பிக்கு வடக்கு நோக்கி 3.3 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் கோணம் ஏறக்குறைய 1.9 பாகை. பூமியின் முழுச் சுற்றான 360 பாகையில் நம் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட பங்கு அதுதான். வரைபடத்தில் தென்வடல் தூரத்தை அளந்தால் ஏறத்தாழ 210 கிலோமீட்டர். 360ஐ 1.9 ஆல் வகுத்து 210 ஆல் பெருக்கினால் 39,800 கிலோமீட்டரை ஒட்டி வரும். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்ததை இரண்டு அரசுப் பள்ளிகள் ஒரு மதிய இடைவேளையில் செய்துவிடலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், முதல் முறையில் விடை ஒழுங்காக வராது. சூரியன் ஒரு புள்ளி அன்று, அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் ஒரு மீட்டர் கம்பியின் நிழல் நுனி 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கலாகத் தெரியும். நுனி எது என்று தீர்மானிப்பதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால், பூமி ஒரு பள்ளிக்கு 31,000 கிலோமீட்டராகவும் இன்னொரு பள்ளிக்கு 57,000 கிலோமீட்டராகவும் ஆகிவிடும். நாம் விடையைச் சொல்லித் திருத்தாமல், ஏன் பிசகியது என்று இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் தமக்குள் வாதாட விட வேண்டும். அந்த வாதத்தையே எழுதி, தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கான ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு ஒரு முன்பயிற்சியாகக் கொள்ளலாம். 1993 முதல் நடந்துவரும் அந்த மாநாட்டில், பிள்ளைகள் தம் ஊரிலுள்ள ஒரு சிக்கலைத் தாமே ஆராய்ந்து கட்டுரை படைக்கிறார்கள். உங்கள் ஊரில் கிணற்று நீரின் உப்பு ஒன்றே போதும்.

பதில் 4: தென்காசிக்காரர்

எல்லாரும் சிறப்பு விருந்தினரை இப்படி ஒதுக்கிவிட வேண்டாம். செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த நிகார் ஷாஜி, 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராகத் தொலைக்காட்சியில் பேசினார். அன்று எங்கள் தெருவில் இருந்த பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டித்தான் அவர்கள் நாள்தோறும் கடைக்குப் போகிறார்கள். பெரிய ஆளாக இருப்பது குற்றமில்லை, தூரத்து ஆளாக இருப்பதுதான் சிக்கல். கோவைச் சகோதரி சொன்ன அளவெடுக்கும் பெண்ணும் அந்த விதத்தில் எனக்குப் பெரிய விருந்தினரே.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசிவிட்டேன். கல்லூரிக்கு இரண்டு கோரிக்கைகளை எழுதி அனுப்பியிருக்கிறோம்: ஒன்பதாம் வகுப்புக்காக ஒரே ஐந்து மாணவர்கள் மாதந்தோறும் வர வேண்டும், அம்மாக்களோடு ஒரு நாள் விடுதியையும் ஆய்வகத்தையும் பார்க்க அனுமதி வேண்டும். முதல் கோரிக்கைக்குத் தயங்குகிறார்கள், அவர்களுடைய பருவத் தேர்வுகள் குறுக்கே வருகின்றனவாம்; ஆண்டுக்கு ஆறு முறை என்று கேட்டுப் பார்க்கிறேன். தொழிற்சாலை பேருந்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. மாலைப் பேருந்து நேரத்தை மாற்றக் கோரி, குழுவின் தீர்மானத்தோடு போக்குவரத்துப் பணிமனைக்கும் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். உண்மையில் நான் அதிகம் எதிர்பார்ப்பது அந்த மனுவைத்தான்.

ஈரோட்டு நண்பருக்கு ஒரு கேள்வி. தனியாகக் கம்பி நடுவதற்குப் பதிலாக, பள்ளியின் கொடிக்கம்பத்தையே பயன்படுத்தலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உயரம் கூடினால் நிழலும் கூடுமே, அளப்பது எளிதாகாதா?

பதில் 3-இன் தொடர்ச்சி: அறிவியல் இயக்கத் தன்னார்வலர், ஈரோடு

நல்ல கேள்வி, ஆனால் கொடிக்கம்பம் வேண்டாம். நிழல் நீளும் அதே விகிதத்தில் நுனியின் மங்கலும் அகலும், ஆகவே அந்தத் தொல்லை குறையாது. அத்துடன் உங்கள் ஊரில் நிழல் மறையும் இடம் கம்பத்தின் மேடைக்குள் போய்விடும், ஒன்றும் தெரியாது. சமதளமான சிமெண்டுத் தரையில் ஒரு மீட்டர் கம்பியே போதும். அது செங்குத்தாக நிற்கிறதா என்பதை மட்டும் தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள். வகுப்பில் கொத்தனார் வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால், குண்டை இரவல் கேட்பதோடு அதைப் பிடிக்கும் முறையையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிட்டேன். மேகம் மறைத்தால் மறுநாளும் முயலும் வகையில், இரண்டு நாள்களின் மதிய வேளையை ஒதுக்கி வைத்திருக்கிறார்.