புதுப்பிப்பு: பார்வையற்ற மாணவரும் பாமினி எழுத்துருவும்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, எங்கள் கல்வியியல் துறையில் பி.எட். படிக்கும் பார்வையற்ற தம்பிக்குப் பாடக்குறிப்பெல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகவே போகிறது என்று? அதன் தொடர்ச்சி.

துறைக் கூட்டத்தில் பேசினேன். "சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் கொடுத்துட்டோமே, அப்புறம் என்ன?" என்றார் மூத்தவர் ஒருவர். பதில் சொல்லாமல் அவருடைய குறிப்பையே கைபேசியில் திறந்து, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானை ஓடவிட்டேன். ஸ்கேன் வெறும் படம்தானே; பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டே போனது. அறையில் பேச்சில்லை.

சரி, தட்டச்சு செய்தே தருகிறோம் என்றார்கள். வந்ததில் பாதி பாமினியில்! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய எழுத்துரு என்பதால், திரையில் தமிழாகத் தெரிவது காதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழும். இரண்டு ஆய்வு மாணவர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும், திரைவாசிப்பான் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்றினார்கள். உண்மையான வேலை அவர்களுடையதுதான்.

தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உறுதியாகிவிட்டது. 16 வாரப் பள்ளிப் பயிற்சிதான் இழுபறி. "கரும்பலகையில் எப்படி எழுதுவார்?" என்று ஒரு பள்ளி கைவிரித்தது. இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியை, "பிள்ளைகள் எழுதுவாங்க சார், அனுப்புங்க" என்றார். தம்பி திங்கட்கிழமை அங்கே சேர்கிறார்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான சாய்தளக் கோப்பு மட்டும் இன்னும் பொறியாளர் மேசையில்தான்.