அமெரிக்க ஆலையில் இயந்திரம் நிறுவ பி-1 விசா போதுமா?

கோவை சர்வீஸ்காரன்:
கோவையில் நூற்பு இயந்திரம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். தென் கரோலினாவில் ஓர் ஆலை எங்களிடம் ரிங் ஃபிரேம்கள் வாங்கியிருக்கிறது. அவற்றை நிறுவி, ஓட்டிக் காட்டி, அங்குள்ளவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்க என்னை அனுப்புகிறார்கள். பத்து வாரமாவது ஆகும். சம்பளம் வழக்கம்போல் இங்கேதான். அண்ணனைப் பார்க்கப் போவதற்காக எடுத்த பி-1/பி-2 விசா (பி-1 தொழில் பயணத்துக்கு, பி-2 சுற்றுலாவுக்கு) இன்னும் செல்லும். "அதிலேயே போ, கேட்டால் சுற்றுலா என்று சொல்" என்கிறார் மேலாளர். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எச்-1பி வேலை விசா எடுக்க வேண்டுமா?

ஊர்சுற்றி:
எல்லோரும் அப்படித்தான் போய் வருகிறார்கள். யாரும் தோண்டித் துருவுவதில்லை. தைரியமாகப் போங்கள் சார்.

பழைய பாஸ்போர்ட்:
ஊர்சுற்றி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பொய் சொன்னதாகப் பதிவானால் அந்த விமானத்திலேயே திருப்பி அனுப்புவதோடு விடமாட்டார்கள். வாழ்நாள் தடையே வரலாம். அது மேலாளருக்கு வராது, உங்களுக்குத்தான் வரும்.

இதில் வேடிக்கை, உங்கள் வேலைக்குப் பொய்யே தேவையில்லை. வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரத்தை நிறுவ, பழுது பார்க்க, பயிற்சி தர பி-1 இடம் கொடுக்கிறது. ஆனால் விற்பவரே ஆள் அனுப்பி அதைச் செய்துதர வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். போகிறவருக்கு அந்த இயந்திரத்தில் தனித்தேர்ச்சி இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து சம்பளம் வாங்கக்கூடாது.

எச்-1பி இதற்குப் பொருந்தாது. அமெரிக்க முதலாளி ஒருவர் உங்களுக்காக மனுப் போட வேண்டும். ஆண்டுக்கு 65,000 விசா, அங்கே முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000 என்ற வரம்பில் குலுக்கல் வேறு. நிறுவனத்துக்குள்ளேயே இடம் மாறுபவர்களுக்கான எல்-1 விசா கிடைக்க உங்கள் நிறுவனத்துக்கு அங்கே கிளை வேண்டும். முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

கோவை சர்வீஸ்காரன்:
படித்தேன். விலை, கப்பல் கூலி, உத்தரவாதம் எல்லாம் இருக்கின்றன. நிறுவித் தருவது பற்றி ஒரு வரிகூட இல்லை. அது பிறகு மின்னஞ்சலில் பேசிக்கொண்டதாம். மின் கேபிள் இழுக்கும் வேலையையும் நானே முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆலைக்காரர்கள் கேட்கிறார்கள்.

பழைய பாஸ்போர்ட்:
அப்படியானால் இப்போது கிளம்பாதீர்கள். மின்னஞ்சலை நம்ப முடியாது. ஒப்பந்தத்தில் திருத்தம் எழுதி இருதரப்பும் கையெழுத்திடட்டும்; அது போதுமா என்று அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அந்தச் செலவு நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கும் மூக்கால் அழுவார்கள், விடாதீர்கள்.

கேபிள் வேலையைத் தொடவே வேண்டாம். கட்டுமான வேலை பி-1-இல் வராது. உள்ளூர் ஆட்கள் செய்யட்டும். நீங்கள் அருகில் நின்று வழிகாட்டலாம், அவ்வளவுதான்.

டெக்சாஸ் தமிழன்:
இதை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள் என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2025 செப்டம்பரில் ஜார்ஜியாவில் ஹூண்டாய்-எல்ஜி பேட்டரி ஆலை கட்டுமான இடத்தில் சுமார் 475 பேரைப் பிடித்தார்கள். 300-க்கும் மேற்பட்டோர் தென்கொரியர்கள். இயந்திரம் நிறுவ வந்தவர்களும் அவர்களில் உண்டு. அதற்கு முன்பே, 2013-இல், பி-1 விசாவைத் தவறாகப் பயன்படுத்தியதாக வந்த வழக்கை முடிக்க இன்ஃபோசிஸ் 3.4 கோடி டாலர் கொடுத்தது. குற்றச்சாட்டை அந்த நிறுவனம் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

கோவை சர்வீஸ்காரன்:
திருத்தம் எழுதாமல் போகமாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது, ஆனால் சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். அது சரியானால் பழைய விசாவிலேயே போகலாமா? தங்கும் செலவை ஆலை கொடுத்தால் தவறா?

பழைய பாஸ்போர்ட்:
போகலாம். விசாவில் பி-1-உம் சேர்ந்திருக்கிறதே. தங்குமிடம், சாப்பாடு போன்றவற்றுக்கு ஆன நியாயமான செலவை அவர்கள் கொடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் போனால் சம்பளமாகிவிடும். ஒப்பந்த நகலையும், என்ன வேலை, எத்தனை வாரம், சம்பளம் யார் தருவது என்று எழுதிய நிறுவனக் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

இறங்கியதும் இணையத்தில் ஐ-94 என்ற உங்கள் வருகைப் பதிவை எடுத்துப் பாருங்கள். பி-2 என்று இருந்தால் வேலையில் கைவைக்கும் முன் திருத்தச் சொல்லுங்கள். எந்தத் தேதிவரை தங்கலாம் என்பதும் அதில்தான் இருக்கும், விசா ஸ்டிக்கரில் இல்லை.