கார்டு வெளிநாடு, டிக்கெட் உள்ளூர்: போகாத பேமென்ட் கதைகள்

எடிசன், நியூ ஜெர்சி

டிசம்பரில் அண்ணன் மகள் கல்யாணம், காரைக்குடியில். அமெரிக்காவிலிருந்து சென்னை வரை டிக்கெட் போட்டாகிவிட்டது, அதில் ஒரு சிக்கலும் இல்லை. சென்னையிலிருந்து மதுரைக்கு நாலு பேருக்கு விமான டிக்கெட் போடத்தான் ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்கப் போனது. உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றின் தளம், பெயர் வேண்டாம். பெயர், வயது, சாப்பாடு, சீட்டு, பெட்டி எடை எல்லாம் அடித்து முடித்து கார்டு எண்ணைக் கொடுத்தால், அரை நிமிடம் சுற்றிவிட்டு 'பரிவர்த்தனை தோல்வி, உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளவும்' என்று வருகிறது. அடுத்த கார்டு, அதே பதில். கணவருடைய கார்டு, அதே பதில். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து நாலு பெயரையும் அடிக்க வேண்டும், அதற்குள் ஒரு டிக்கெட் 4,900 ரூபாயிலிருந்து 5,600 ஆகிவிட்டது.

வங்கிக்குப் போன் போட்டு 25 நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு அம்மா வந்து, இன்றைக்கு இந்தியாவிலிருந்து எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் வரவே இல்லையே என்கிறார். விமான நிறுவனத்தைக் கூப்பிட்டால் 'உங்க பேங்க்தான் மேடம் ரிஜெக்ட் பண்ணியிருக்கு' என்று சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை? இப்படி மாட்டியவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வெறுமனே புலம்பினாலும் சரிதான்.

சென்னை

மேடம், நான் பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்றில், அதாவது விற்கிற தளத்துக்கும் வங்கிக்கும் நடுவில் நின்று கார்டுப் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நிறுவனத்தில், ஆறு வருடம் வேலை பார்த்தவன். உங்கள் வங்கி அம்மா சொன்னதுதான் உண்மையாக இருக்கும். 'வங்கியைத் தொடர்புகொள்ளவும்' என்பது எல்லாத் தோல்விக்கும் பொதுவாக எழுதி வைத்திருக்கும் வாசகம், அதை நம்பாதீர்கள்.

கார்டின் முதல் 6 இலக்கத்தை, 2022 ஏப்ரலுக்குப் பிறகு புதுக் கணக்குப்படி 8 இலக்கத்தை வைத்தே எந்த நாட்டு வங்கி கொடுத்த கார்டு என்று கேட்வேக்குத் தெரிந்துவிடும். வெளிநாட்டுக் கார்டு வாங்கலாமா வேண்டாமா என்பது விற்கிற நிறுவனம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய வசதி, அதற்குக் கமிஷனும் அதிகம். அந்த வசதி இல்லையென்றால் உங்கள் கார்டு வாசலிலேயே நின்றுவிடும், வங்கி வரைக்கும் போகவே போகாது. நீங்கள் எத்தனை கார்டு மாற்றினாலும் அதே பதில்தான்.

வசதி இருந்தும் தயங்குகிறவர்கள் உண்டு. 2009 ஆகஸ்டிலிருந்து, இந்திய வங்கி கொடுத்த கார்டை ஆன்லைனில் பயன்படுத்தினால் கார்டில் அச்சடித்திருக்கும் விவரம் போக இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாம் ஓடிபி என்று அடிக்கிறோமே, அது அப்படி வந்ததுதான். வெளிநாட்டு வங்கி கொடுத்த கார்டுகளை அந்த விதி கட்டாது. உங்கள் அமெரிக்க கார்டு பெரும்பாலும் ஓடிபி கேட்காமலேயே போகப் பார்க்கும். ஓடிபி தாண்டிப் போன பணம் திருட்டு கார்டுப் பணம் என்று பிறகு தெரிந்தால் நஷ்டம் பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்கு. ஓடிபி இல்லாமல் போயிருந்தால் விற்றவன் தலையில் விழும். கார்டுக்காரர் 'நான் வாங்கவில்லை' என்று புகார் கொடுக்க பொதுவாக 120 நாள் வரை அவகாசம் இருக்கிறது. புடவை என்றால் பார்சலைப் பாதி வழியில் நிறுத்தலாம், விமான டிக்கெட் என்றால் திருடன் மறுநாள் காலையிலேயே பறந்து போயிருப்பான். பயண நிறுவனங்கள் இந்த விஷயத்தில் இவ்வளவு பயப்படுவதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் காரணம்.

அதனால் கார்டு போகவில்லையென்றால் முதலில் வங்கியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கோரிக்கை உங்களிடம் வந்ததா? வந்து மறுத்தோம் என்றால் நல்ல செய்தி. மோசடித் தடுப்புப் பிரிவில் 'நான்தான் வாங்கினேன்' என்று சொன்னால் பெரும்பாலும் திறந்து விடுவார்கள். வரவே இல்லை என்றால் அவர்களிடம் கத்திப் பிரயோஜனமில்லை, வேறு வழி பாருங்கள்.

ஸ்கார்பரோ, கனடா

எங்கள் கதை இந்தியா பக்கமே இல்லை, பக்கத்து அமெரிக்காவில் நடந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 22 வருசம். ஒரு கோடை விடுமுறைக்கு நியூயோர்க்கில் தங்கச்சி வீட்டுக்குப் போய், அங்கிருந்து வாஷிங்டனுக்கு பஸ்ஸில் போகத் திட்டம். பஸ் கொம்பனியின் தளத்தில் கடனட்டை விபரம் எல்லாம் கொடுத்தால் கடைசியில் அஞ்சல் குறியீடு கேட்கிறது. பெட்டிக்குள் ஐந்து இலக்கம் மட்டும்தான் எழுதலாம். கனடாக் குறியீட்டில் மூன்று எழுத்து, மூன்று இலக்கம். எழுத்தை அடித்தால் பெட்டி ஏற்காது. நான் புத்திசாலித்தனம் என்று நினைத்து தங்கச்சி வீட்டுக் குறியீட்டை அடித்தேன், உடனே மறுத்துவிட்டது. அங்கே அந்த இலக்கத்தையும் வீட்டு இலக்கத்தையும் வங்கியில் பதிந்திருக்கும் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். பொய் முகவரி கொடுத்தவன் கள்ளன் என்றுதானே நினைப்பார்கள். மனிசி இரண்டு நாள் இதைச் சொல்லிச் சிரித்தாள்.

பெற்றோல் நிலையத்தில் இதே சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. குறியீட்டில் உள்ள மூன்று இலக்கத்தை மட்டும் எடுத்து, பின்னால் இரண்டு பூச்சியம் போட வேண்டும். உங்கள் குறியீட்டின் இலக்கங்கள் 1, 2, 3 என்றால் 12300. பஃபலோவில் நடு இரவில், பின்னால் வாகனங்கள் வரிசையில் நிற்க, அந்தரப்பட்டு நின்ற எனக்கு ஒரு லொறிக்காரர்தான் சொல்லித் தந்தார். நியூயோர்க் சுரங்க ரயில் டிக்கெட் மெசினில் வெளிநாட்டு அட்டைக்கு 99999 அடிக்கச் சொன்னார்கள், அதுவும் வேலை செய்தது. ஆனால் ஆன்லைனில் இந்தப் பூச்சிய வித்தையை நம்பிப் போகாதீர்கள். பஸ் டிக்கெட்டை கடைசியில் தங்கச்சியே தன் அட்டையில் எடுத்துத் தந்தாள்.

சிங்கப்பூர்

அலுவலக லேப்டாப்பில் டிக்கெட் போட்டால் முதலில் விபிஎன், அதாவது இணைப்பை வேறு இடம் வழியாகச் சுற்றிவிடும் மென்பொருள், ஓடுகிறதா என்று பாருங்கள். என் கார்டு சிங்கப்பூர், முகவரி சிங்கப்பூர், பயணம் திருச்சிக்கு, ஆனால் அலுவலக இணைப்பு ஜெர்மனி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று முறை மறுத்தது. போனில் போட்டேன், ஒரே தட்டில் முடிந்தது.

கோயம்புத்தூர்

எல்லோரும் வெளிநாட்டுக் கார்டு இந்தியாவில் போகவில்லை என்கிறீர்கள். வெளிநாட்டுக்காரனுக்கு நம் கார்டும் வெளிநாட்டுக் கார்டுதானே, அந்தக் கதையையும் கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். போன வருடம் மனைவியுடன் சுவிட்சர்லாந்து போயிருந்தோம். மலை ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடலாம் என்று சூரிச்சில் தங்கியிருந்த அறையிலிருந்து முயன்றேன். மறுப்பு. கார்டில் இரண்டு லட்சம் வரம்பு இருக்கிறது, ஒரு பைசா பாக்கி இல்லை, எனக்கு ஏன் மறுப்பு என்று ஒரே ஆத்திரம். பெங்களூரில் இருக்கும் மகன்தான் போனில் சொன்னான், அப்பா ஆப்பைத் திறந்து பாருங்கள் என்று. பார்த்தால் 'வெளிநாட்டுப் பயன்பாடு' அணைந்து கிடக்கிறது. 2020 மார்ச்சுக்குப் பிறகு புதிதாகக் கொடுக்கும் கார்டு, மாற்றிக் கொடுக்கும் கார்டு எல்லாமே உள்நாட்டில் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்கிற மாதிரிதான் வரும், மற்றதை நாமேதான் திறக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கார்டைக் கொடுத்த கிளையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்தேன், மறுபடியும் மறுப்பு. வெளிநாடு என்பதற்குள் கடை, ஏடிஎம், ஆன்லைன் என்று தனித்தனி பொத்தான்கள் இருந்திருக்கின்றன, ஆன்லைனுக்கு வரம்பு பூஜ்யத்தில் இருந்தது. அதையும் ஏற்றினேன். இப்போது ஓடிபி கேட்டது. ஓடிபி வரும் சிம்மோ ரோமிங் போடாமல் கோயம்புத்தூரிலேயே மேஜை டிராயரில் இருக்கிறது! பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி இருந்ததால் பிழைத்தோம். அவர் சிம்மைத் தன் பழைய போனில் போட்டு, எண்ணை வாட்சாப்பில் வாசித்துக் காட்டினார். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று வாரத்துக்கு ஒருமுறை குறுஞ்செய்தி வருகிறது, நான் ஒரு தெருவுக்கே சொல்லியிருப்பேன்.

ஹூஸ்டன்

சார் சொன்ன சிம் விவகாரம் எங்களுக்குத் தலைகீழாக நடந்தது. விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தபோது அமெரிக்க கார்டு ஒன்று ஓடிபி கேட்டது, எண் அமெரிக்க எண். என் போன் கம்பெனியில் வைஃபை காலிங் போட்டு வைத்தால் இந்தியாவிலும் குறுஞ்செய்தி வருகிறது. அதை அமெரிக்காவில் இருக்கும்போதே போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, டெபிட் கார்டை வைத்து மறுபடி மறுபடி முயலாதீர்கள். நான் நாலு தடவை அடித்தேன், நாலும் 'தோல்வி'. ஆனால் அதில் இரண்டு தடவை வங்கி ஒப்புதல் கொடுத்து அந்தத் தொகையைக் கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டது. கிரெடிட் கார்டு என்றால் வரம்பில்தான் இடிக்கும், இது கையிலிருக்கும் காசு. திரும்ப விடுவிக்க ஐந்து நாள் ஆனது, அந்த வாரம்தான் வாடகை கட்ட வேண்டிய வாரம்.

துபாய்

கார்டு போய்விட்டால் மட்டும் நிம்மதியா? அப்பா அம்மா இங்கே வர திருச்சியிலிருந்து டிக்கெட் போட்டேன், என் துபாய் கார்டில், முதல் முறையே போய்விட்டது. புறப்படும் அன்று விடியற்காலை கவுன்டரில், பணம் கட்டிய கார்டைக் காட்டுங்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். 71 வயது மனிதர், என் பையன் போட்ட டிக்கெட், கார்டு அவனிடம் இருக்கிறது என்கிறார். அவர்கள் கார்டின் நகல் வேண்டும் என்கிறார்கள். நான் இங்கே போனை சைலன்டில் போட்டுவிட்டுத் தூங்குகிறேன். 14 மிஸ்டு கால். எழுந்ததும் கார்டின் முன்பக்கத்தை, நடு இலக்கங்களைக் காகிதத்தால் மறைத்து, போட்டோ எடுத்து பாஸ்போர்ட் பக்கத்தோடு அனுப்பினேன், அதன் பிறகுதான் விட்டார்கள். டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இந்த நிபந்தனை இருந்திருக்கிறது, யார் படிக்கிறோம். வேறொருவருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் அந்த நகலைக் கையோடு கொடுத்து அனுப்புங்கள். பின்பக்க மூன்று இலக்கத்தை மட்டும் யார் கேட்டாலும் அனுப்ப வேண்டாம்.

சேலம்

என் தம்பி ரஷ்யாவில் மருத்துவம் படித்தான். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே சேவையை நிறுத்தியபோது அவன் கையிலிருந்த ரஷ்ய வங்கி கார்டு வெளிநாட்டுத் தளங்களில் செத்துவிட்டது, நாங்கள் கொடுத்து அனுப்பிய இந்திய கார்டு அந்த ஊருக்குள் செத்துவிட்டது. பையில் இரண்டு கார்டு, ஒரு டிக்கெட் எடுக்க வழியில்லை. அப்பா இங்கிருந்து எடுத்து அனுப்பினார்.

சென்னை

எடிசன் மேடம், ஊரில் என்ஆர்ஓ கணக்கு, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு, ஏதும் இருக்கிறதா? 2023 தொடக்கத்திலேயே அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் உட்படப் பத்து நாட்டு போன் எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த அனுமதி கொடுத்துவிட்டார்கள். உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று கேளுங்கள். தந்தால் கார்டு பஞ்சாயத்தே வேண்டாம்.

எடிசன், நியூ ஜெர்சி

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்லிவிடுகிறேன். மறுபடி வங்கிக்குப் போன் போட்டு அந்த ஒற்றைக் கேள்வியை மூன்று கார்டுக்கும் கேட்டேன், மூன்றுக்கும் கோரிக்கை வரவே இல்லை. ஆக வாசலிலேயே நின்றிருக்கிறது. அந்த அம்மாவிடம் முதல் நாள் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன், இப்போது சங்கடமாக இருக்கிறது.

என்ஆர்ஓ கணக்கு இருக்கிறது. ஆனால் அதில் பதிந்திருப்பது 2014இல் சென்னையில் வைத்திருந்த எண். அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன், விழுப்புரத்தில் யாரோ ஒருவர் எடுத்து 'யாருங்க' என்றார். ஊருக்கு வந்தால்தான் மாற்ற முடியும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் மதுரை மாமாவிடம் சொன்னேன். பெயர்களை வாட்சாப்பில் அனுப்பச் சொல்லிப் பத்து நிமிடத்தில் யுபிஐயில் போட்டுவிட்டார். நாலு டிக்கெட் 23,400 ரூபாய். ஒரே வில்லங்கம், தொடர்பு எண் அவருடையது என்பதால் விமான நிறுவனத்தின் குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குப் போகிறது, அவர் ஒவ்வொன்றுக்கும் எனக்குப் போன் செய்கிறார், இங்கே நடு ராத்திரி என்ற கணக்கெல்லாம் அவருக்குக் கிடையாது. பணம் அனுப்புகிறேன் என்றால் 'எனக்கு எதுக்கும்மா காசு, வரும்போது அந்த முழங்கால் வலி தைலம் நாலு டியூப் வாங்கிட்டு வா' என்கிறார். நேற்று ஆன்லைனில் அதை வாங்கினேன். அதே கார்டுதான், ஒரு நொடியில் போய்விட்டது.