ஸ்காட் மீன்களைக் கடல்நீருக்கு மாற்றிய அனுபவம்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஸ்காட் என்ற மீனின் குஞ்சுகளை நன்னீர்த் தொட்டியில் வைத்தே விற்கிறார்கள். குஞ்சாக இருக்கும்வரை அவை அதில் தாக்குப்பிடிக்கும். ஆனால் கழிமுகத்தில் வளர்ந்து கடலை நோக்கிப் போகிற மீன் இது. பெரிதாகப் பெரிதாக உப்பைத் தேடும். அதனால் வாங்கும்போதே கடல்நீர்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

"கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள் சார், போதும்" என்றார் கடைக்காரர். போதாது. கடல்நீரில் மக்னீசியமும் கால்சியமும் இருக்கின்றன, பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) இறங்காமல் தாங்கும் பைகார்பனேட்டும் இருக்கிறது. கடல் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். அதை வாளியில் முதல் நாள் இரவே கரைத்துக் காற்றுக்குழாய் போட்டுவிட்டு, மறுநாள் தண்ணீர் மாற்றும்போது ஊற்றினேன். ஒப்படர்த்தி (நன்னீரை 1.000 என்று வைத்து நீரில் உப்பு ஏறியதைக் காட்டும் அளவு) 1.005-இல் தொடங்கி, வாரத்துக்கு 0.002-க்கு மேல் ஏற்றவில்லை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வற்றிய அளவுக்கு குளோரின் நீக்கிய நன்னீரை மட்டும் விட வேண்டும்.

எல்லோரும் மீனைப் பற்றியே கவலைப்படுகிறோம். மீனின் செவுள் நன்னீரில் உப்பை உள்ளிழுக்கும், கடல்நீரில் வெளியேற்றும். கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் ஸ்காட் அந்த மாற்றத்தை எளிதாகச் செய்துகொள்ளும். திணறுவது, மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றிவிடும், ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள்தான். என் தொட்டியில் 1.010-ஐத் தாண்டியதும் மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்திலேயே மேல்மூச்சு வாங்கி நின்றன. அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையாக மாறியிருந்தது. உப்பு ஏற ஏற பிஎச்சும் ஏறுவதால் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும். உப்பு ஏற்றுவதை அப்படியே நிறுத்தினேன். தீனியைப் பாதியாகக் குறைத்து, அதே உப்பளவில் தயாரித்த நீரைக் கொண்டு அடிக்கடி மாற்றினேன். சோதனை நீர் மறுபடி மஞ்சளான பிறகே அடுத்த படிக்குப் போனேன். உப்புமானியைப் பார்ப்பதைவிட இந்தக் குழாயைப் பார்ப்பது முக்கியம் என்பேன்.

ஸ்காட்டை வலையில் பிடிக்காதீர்கள். முள் சிக்கிக்கொள்ளும், அதில் விஷமும் உண்டு. பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுங்கள்.

நுரையில் கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரைக் கடைசிக் கட்டத்தில்தான் ஓடவிட்டேன். உப்பு குறைவாக இருக்கும்போது அதில் நுரை சரியாகக் கட்டாது. உயிர்ப்பாறையை (கடல் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை) ஒப்படர்த்தி 1.023 வந்த பிறகே வைத்தேன். இப்போது ஊறவைத்த கடற்பாசித் தாளைப் போட்டவுடன் பிய்த்துத் தின்கின்றன.

பச்சைப் புள்ளி பஃபர் மீனை இதே முறையில் மாற்றியவர்கள் இருந்தால், உங்கள் ஃபில்டர் எந்த உப்பளவில் திணறியது என்று எழுதுங்கள்.