காய்ச்சலும் பாய்ச்சலும்: கார்பன் பணத்தைத் தேடிப் போன அனுபவங்கள்

மேலூர் உழவர் குழுச் செயலாளர்:

பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பகுதியில், மேலூருக்குப் பக்கத்தில், எங்கள் உழவர் குழுவின் கணக்கு வழக்குகளை நான் பார்த்து வருகிறேன். நெல் வயலில் மீத்தேன் வாயுவைக் குறைத்தால் கார்பன் கிரெடிட் (குறைத்த அளவுக்குக் கிடைக்கும் சான்று; தங்கள் புகைக்கு ஈடாக ஆலைகள் போன்றவை அதை விலைக்கு வாங்கும்) மூலம் பணம் வரும் என்று சொல்லி ஒரு நிறுவனத்தார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அதில் நாங்கள் கண்டதை விரிவாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

வயலில் தண்ணீர் இடைவிடாமல் நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. அந்த மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் இறக்கி வைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. திருந்திய நெல் சாகுபடியில் ‘நீர் மறைய நீர் கட்டு’ என்று கற்றுக்கொண்டவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

குழாய் இறக்கினோம், வாரந்தோறும் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினோம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சரிபார்க்க வந்த இளைஞர் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, “இந்தத் திட்டம் வருவதற்கு முன்னால் இந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, ஐயா?” என்று கேட்டார். பணம் கணக்கிடப்படுவது அந்த அடிப்படை நிலையிலிருந்துதான். நிறுவனத்தார் தங்கள் ஆவணத்தில் ‘தொடர்ந்து நீர் நிறுத்தப்பட்ட வயல்’ என்று எழுதி வைத்திருந்தார்கள்.

எங்கள் நீர்ப்பாய்ச்சி தம் வீட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு. உரப்பையின் உள்தாளைக் கிழித்து அட்டை போட்டிருந்தார். தேதி, மடை, திறந்த நேரம், அடைத்த நேரம் என்று பென்சிலில் கோடு போட்டு எழுதியிருந்தார். சில பக்கங்களில் ஒன்றன் கீழ் ஒன்றாக ‘தண்ணி வரலை’, ‘தண்ணி வரலை’ என்றே இருந்தது. பெரியாறு பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். 120 நாள் பாசனத்தில் முதல் 45 நாள் முழுமையாகவும், பின் 75 நாள் முறை வைத்தும் தண்ணீர் விடுவது இங்கே வழக்கம். கள்ளந்திரி வரையிலான இருபோகப் பரப்பு 45,041 ஏக்கர். அதற்கு அப்பால் மேலூர்ப் பகுதியின் ஒருபோகப் பரப்பு 85,563 ஏக்கர். கடைமடைக்கு முறை வந்து சேர்வதற்குள் வயல் வெடித்துவிடும். அதாவது, யாரும் பணம் கொடுப்பதற்கு முன்பே எங்கள் வயல் காய்ந்துதான் கொண்டிருந்தது.

இதன் விளைவைக் கணக்காகவே சொல்கிறேன். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2019 வழிமுறைப்படி, தெற்காசியாவில் தொடர்ந்து நீர் நிற்கும் ஒரு ஹெக்டேர் நெல் வயல் நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேனை வெளியிடுவதாகக் கொள்ள வேண்டும். இடையில் ஒருமுறை காயும் வயலுக்கு அதை 0.71ஆலும், பலமுறை காயும் வயலுக்கு 0.55ஆலும் பெருக்க வேண்டும். 110 நாள் பயிரில் முழு நீரிலிருந்து பலமுறை காய்ச்சலுக்கு மாறினால், ஹெக்டேருக்குச் சுமார் 1.2 டன் கரியமில வாயுவுக்குச் சமமான குறைப்பு கிடைக்கும். ஏற்கெனவே ஒருமுறை காய்ந்துகொண்டிருந்த வயல் என்றால் 0.4 டன் மட்டுமே. அந்த நோட்டைக் காட்டியதால் எங்கள் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிட்டது.

“நோட்டைக் காட்டியிருக்க வேண்டாமே” என்று குழுவில் சிலர் வருத்தப்பட்டார்கள். காட்டியது சரிதான் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். இல்லாத குறைப்பை விற்றால், அதை வாங்குகிறவர் எங்கோ ஓர் ஆலையின் புகையை அப்படியே விட்டுவிடுவார். ஆனால் வேறொரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. தண்ணீரைத் தாராளமாக நிறுத்தி வைத்தவருக்கு அதிகப் பணம், பற்றாக்குறையால் ஏற்கெனவே குறைவாகப் பயன்படுத்தியவருக்குக் குறைந்த பணம் என்றால், இது யாருக்காக வகுத்த கணக்கு?

திண்டுக்கல் நூற்பாலைக் கணக்காளர்:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஆலையின் காற்றாலை நினைவுக்கு வந்தது. பருவநிலை மாற்றம் குறித்த கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் இயங்கிய தூய்மை வளர்ச்சி செயல்முறையில், வளரும் நாட்டில் உமிழ்வைக் குறைத்தால் கிடைக்கும் சான்றுகளைப் பணக்கார நாடுகளுக்கு விற்கலாம் என்று இருந்தது. எங்கள் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு ஸ்பின்னிங் மில்ஸ் சங்கம் பல ஆலைகளின் காற்றாலைகளை ஒரே திட்டமாகத் தொகுத்துப் பதிவு செய்தது. ஆவணம், சரிபார்ப்பு, பதிவு ஆகிய செலவுகளைப் பகிர்ந்துகொள்ள முடிந்ததால் அதுவே அறிவுடைய வழி. எங்கள் முதலாளி தனியாகப் போகலாம் என்ற ஓர் ஆலோசகரின் பேச்சை நம்பினார்.

செலவெல்லாம் முன்னால், வரவெல்லாம் பின்னால். 2008இல் ஒரு டன் சான்று 15 யூரோவுக்கு மேல் விலை போயிற்று. அந்த விலையை வைத்துத்தான் ஆலோசகர் எங்களுக்கு வரவுக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2012 முடிவில் விலை ஒரு யூரோவுக்கும் கீழே இறங்கியது. அதற்கு மேல், 2012க்குப் பிறகு பதிவாகும் புதிய திட்டங்களின் சான்றுகளை மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து மட்டுமே ஏற்போம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்தது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் கோப்பு அப்போதுதான் பதிவுக்குக் காத்திருந்தது. காற்றாலை இன்றும் சுற்றுகிறது, மின்சாரமும் தருகிறது. கார்பன் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

உங்கள் கேள்விக்கு ஒரு குறிப்பு. வறுமையால் குறைவாகப் பயன்படுத்தியவர் தண்டிக்கப்படக் கூடாது என்பதை அந்தச் செயல்முறையே பின்னாளில் ‘அடக்கப்பட்ட தேவை’ என்ற பெயரில் ஓரளவு ஏற்றுக்கொண்டது. விளக்கு, சமையல், குடிநீர் போன்ற அடிப்படைத் தேவைகளில், உண்மையில் எரித்த அளவை விட்டுவிட்டு, நியாயமாகத் தேவைப்படும் அளவை அடிப்படையாக வைக்கலாம் என்றார்கள். கடைமடை வயலுக்கும் அப்படி ஒரு கருத்து வர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், அண்ணா நகர், மதுரை:

சுருக்கமாக ஒன்றைச் சொல்கிறேன். பருவநிலை நடவடிக்கைகளுக்காக வளரும் நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் சொன்னார்கள். அந்த அளவை எட்டியது 2022இல்தான். அதிலும் அரசுகள் வழியாக வந்த பணத்தில் பெரும்பகுதி கடன். கடன் என்பதாலேயே அதைத் தள்ளிவிட முடியாது. நம் மாநிலத்தின் காற்றாலை மின்சாரத்தை எடுத்துச் செல்லும் மின்பாதைகளுக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வளர்ச்சி வங்கி கடன் கொடுத்தது. மின்கட்டணம் வழியாக அதைத் திருப்பிக் கட்ட முடியும். வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசுவதற்கும் வயலைச் சமன் செய்வதற்கும் அப்படி வருமானம் வராது. அவற்றுக்கு மானியம்தான் பொருந்தும். 2024இல் பாக்கூ பருவநிலை மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று ஒப்புக்கொண்டபோதும், அதில் எவ்வளவு மானியமாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி:

எங்கள் ஊருக்கும் ஒப்பந்தத் தாளுடன் வந்திருக்கிறார்கள், ஐயா. கையெழுத்துப் போடலாமா? எங்களில் பாதிப் பேர் குத்தகைக்கு உழுகிறவர்கள்.

மேலூர் உழவர் குழுச் செயலாளர்:

தம்பி, போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாளில் மூன்று இடங்களைப் பாருங்கள். கிரெடிட்டின் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். குழாய், பயிற்சி, சரிபார்ப்பு ஆகியவற்றின் செலவை உங்கள் பங்கிலிருந்து கழிப்பார்களா என்று கேளுங்கள். குத்தகைக்காரர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பட்டா பலருக்கு இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றுக்கு அலைந்ததில் ஒரு போகம் தவறியது. வயலில் இறங்கிக் குழாயைப் பார்த்தவர் ஒருவர், பணம் வந்த கணக்கு இன்னொருவருடையது.

நாங்கள் விலகவில்லை. திருத்திய அடிப்படையிலேயே தொடர்கிறோம். டன் கணக்கில் வரும் தொகை தேநீர்ச் செலவுக்குத்தான் ஆகும் என்பதால், வங்கி அலுவலர் ஐயா சொன்ன மானியத்தை வாய்க்கால் வேலைக்குக் கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். மனுவோடு நீர்ப்பாய்ச்சியின் நோட்டை நகலெடுத்து இணைத்தோம். பென்சில் எழுத்து நகலில் சரியாக விழாததால், அவரையே உட்கார வைத்து, பேனாவால் எல்லாப் பக்கங்களையும் மறுபடி எழுதி வாங்கினோம். ‘தண்ணி வரலை’ என்ற நாட்களை மட்டும் அவர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்.