முழங்காலுக்கு 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ மதுரையில் எங்கே எடுக்கலாம்?

வணக்கம் உறவுகளே. மேலூர்ப் பக்கம் கபடி ஆடுகிறவன் என் தம்பி, 19 வயது. மூன்று மாதமாக இடது முழங்கால் வீங்குவதும் வடிவதுமாக இருக்கிறது. படி இறங்கும்போது உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டதுபோல அப்படியே நின்றுவிடுகிறான், பார்க்கவே மனசு தாங்கவில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் எலும்புதானே தெரியும், குருத்தெலும்பு தெரியாதே! இப்போது வேறு டாக்டர் எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுத்திருக்கிறார். 1.5 டெஸ்லாவைவிட 3 டெஸ்லாவில் காந்த பலம் கூடுதல், அதனால் குருத்தெலும்பு இன்னும் நுணுக்கமாகத் தெரியுமாம்.

அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் அது இருக்கிறதா? எவ்வளவு ஆகும்? அப்புறம், அவன் கையில் பழைய எலும்பு முறிவுக்கு வைத்த தகடு இருக்கிறது. தகடோடு எம்.ஆர்.ஐ எடுத்தவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். அடுத்த வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.